அணையாத ரிலே, மாறும் நெறிமுறை: டோர் வலையின் இருபது ஆண்டுகள்

2013 ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் டோர் வலையின் பயனர் எண்ணிக்கை திடீரென்று ஏறத் தொடங்கியது. அதுவரை நாளொன்றுக்குப் பத்து லட்சத்தை எட்டாமல் இருந்த கணக்கு, செப்டம்பர் நடுவில் ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு ஆவணங்களை வெளியிட்டு இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. மக்கள் விழித்துக்கொண்டார்கள், தங்கள் அந்தரங்கத்தைக் காக்க டோரைத் தேடி வருகிறார்கள் என்று பலர் ஊகித்தார்கள். ஆனால் புதிதாக வந்த பயனர்கள் எந்த இணையதளத்தையும் பெரிதாகப் பார்க்கவில்லை. வலைக்குள் வந்தார்கள், ரிலே எனப்படும் இடைக் கணினிகள் வழியே செல்லும் பாதையான சர்க்யூட்டை அமைத்தார்கள், அதோடு நின்றார்கள். சில நாட்களில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மெவேட் என்றும் செஃப்னிட் என்றும் அழைக்கப்பட்ட தீநிரல் தொற்றிய விண்டோஸ் கணினிகள் அவை. தம்மை இயக்குபவரிடமிருந்து கட்டளை வாங்கிக்கொள்ள டோரை வழியாகப் பயன்படுத்தின.

அவை பெரிய அளவில் தரவு அனுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சர்க்யூட்டையும் அமைக்க, வழியிலுள்ள ரிலேக்கள் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். லட்சக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டபோது ரிலேக்களின் புராசசர்கள் திணறின. பணம் வாங்காமல், சொந்தச் செலவில் அந்த ரிலேக்களை நடத்திவந்தவர்கள் தங்கள் சர்வரின் சுமை முழுதாக ஏறி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கைகொடுத்தது, ஏற்கெனவே எழுதி முடித்து, பரிசோதனைப் பதிப்புகளில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு புதிய ஹேண்ட்ஷேக். இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும் முன் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை அது. டோரின் பழைய ஹேண்ட்ஷேக் டேப், 1024 பிட் கணக்குகளை நம்பியது. புதியதான என்டோர், கர்வ்25519 என்ற வளைகோட்டுக் கணக்கைக் கொண்டது. பாதுகாப்பு அதிகம், ரிலேக்கு வேலை குறைவு. தீநிரலோடு ஒட்டி வந்த டோர் 0.2.3 வரிசையைச் சேர்ந்தது; அதற்கு என்டோர் தெரியாது. செப்டம்பர் தொடக்கத்தில் வெளியான 0.2.4.17 பதிப்பு ரிலேக்களுக்கு ஒரு புதிய வரிசைமுறையைக் கற்றுக்கொடுத்தது: என்டோர் கோரிக்கைகளை முதலில் கவனி. டேப் கோரிக்கைகளை அடியோடு விட்டுவிடாதே. பத்து என்டோருக்கு ஒரு டேப் என்ற கணக்கில் அவற்றையும் எடுத்துக்கொள்.

பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் ஒரு பெரிய முடிவு அடங்கியிருக்கிறது. பழைய பதிப்பில் இருந்தது தீநிரல் மட்டும் அல்ல. அப்டேட் செய்ய முடியாத, செய்யத் தெரியாத நிஜ மனிதர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு டோர் அறுந்துபோவது வெறும் அசௌகரியமாக முடியாது. எனவே பழையவர்களைத் தாமதப்படுத்தலாம், பட்டினி போடக்கூடாது என்று நிரலை எழுதியவர்கள் தீர்மானித்தார்கள். விகிதத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். ரிலே நடத்துபவர் மீண்டும் அப்டேட் செய்யத் தேவையில்லை, வலையின் பொதுப் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அடுத்த மாதங்களில் மைக்ரோசாஃப்ட் சுமார் இருபது லட்சம் கணினிகளிலிருந்து இந்தத் தீநிரலையும், அதோடு வந்து ஒட்டிக்கொண்டிருந்த பழைய டோரையும் நீக்கியதாக அறிவித்தது.

இந்தச் சம்பவத்தின் முழுப் பொருளும் விளங்க, பத்து ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக மறையாக்கம் செய்து, தரவைப் பல கணினிகள் வழியே அனுப்பும் யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகிய மூவர் அதன் முன்னோடிகள். பின்னர் சைவர்சனோடு ரோஜர் டிங்கில்டைனும் நிக் மேத்யூசனும் சேர்ந்தார்கள். டோர் வலை 2002 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 2003 முடிவில் அதில் இருந்தவை ஒரு டஜன் அளவிலான ரிலேக்கள்தான். பெரும்பாலானவை அமெரிக்காவில், ஒன்று ஜெர்மனியில். கடற்படையின் பணத்தில் தொடங்கிய ஒரு திட்டம் ஏன் வெளியாரின் கணினிகளைத் தேடிப் போனது? கடற்படை மட்டுமே ரிலே நடத்தினால், அந்த வலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொருவரும் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடும். ஒருவர் ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தின் சாலையும் ஒரே கையில் இருக்கக் கூடாது. தன்னார்வலர்கள் இந்த வலையில் ஆடம்பரம் அல்ல, அடித்தளம்.

ஒரு டஜன் ரிலே இருந்த காலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம். புதிய பதிப்பு வந்தால் ஒரு வாரத்தில் வலை முழுதும் மாறிவிடும். ஆயிரங்களைத் தொட்டதும் அந்த வசதி போய்விட்டது. ஒருவர் பல்கலைக்கழகத்தின் மூலையில் ஒரு பழைய கணினியில் ரிலே ஓட்டுவார். இன்னொருவர் மாத வாடகைக்கு ஒரு சர்வரை எடுத்து, டெபியன் லினக்ஸை நிறுவி, டோரை ஓடவிட்டு, இரண்டு வருடம் எட்டிப் பார்க்காமல் இருப்பார். இரண்டு வருடம் அணையாமல் ஓடுவதும் ஒரு சேவைதான். நிரலை எழுதுபவர்கள் இந்த இருவருக்கும் கட்டளையிட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

அதோடு, வலையே நீடித்து ஓடுவதைப் பாராட்டும் விதத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. டைரக்டரி அத்தாரிட்டி எனப்படும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில சர்வர்கள் மணிக்கொரு முறை வாக்களித்து, எந்தெந்த ரிலேக்கள் இயங்குகின்றன, எவற்றை எதற்கு நம்பலாம் என்று ஒரு பொதுப் பட்டியலை வெளியிடுகின்றன. பயனரின் கணினி முதலில் தொடும் ‘கார்டு’ ரிலே ஆக வேண்டுமென்றால், வேகத்தோடு குறைந்தது எட்டு நாள் அறிமுகம் வேண்டும். இயங்கிய நேரத்தின் கணக்கில் 98 விழுக்காடு போன்ற உயரத்தில் இருக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் போன்ற நீண்ட நேரத் தொடர்புகளுக்கு ‘நிலையானது’ என்ற தனி முத்திரை. அறுந்து அறுந்து வரும் ரிலேக்கு அது கிடைக்காது. புதிதாகச் சேரும் ரிலேயின் வளர்ச்சியை 2013இல் டோர் திட்டம் விளக்கியபோது, அது தன் முழுப் பங்கையும் சுமக்கத் தொடங்க 68 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டது.

இந்த அமைப்பில் அப்டேட் என்றால் ஓர் இழப்பு. டோரை நிறுத்தித் தொடங்கினால் அந்த ரிலே வழியே போய்க்கொண்டிருந்த சர்க்யூட்டுகள் எல்லாம் அறும். யாரோ ஒருவர் இறக்கிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். எனினும் 98 விழுக்காடு என்ற வரம்பு கருணையோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. நாளுக்குச் சுமார் அரைமணி நேரம் இயங்காமல் இருந்தாலும் அது தாங்கும். மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குவதால் யாரும் கார்டு நிலையை இழக்கப்போவதில்லை. நீண்ட ஓட்டத்தைக் காரணம் காட்டி அப்டேட்டைத் தள்ளிப்போடும் வாதத்துக்கு இந்தக் கணக்கில் பலம் குறைவு. உண்மையான பயம் வேறு: புதிய பதிப்பு ஏதாவது ஒன்றை உடைத்துவிட்டால்?

அந்தப் பயம் கற்பனை இல்லை. 2009 நவம்பரில் அது நடந்தது.

தணிக்கையாளர்களின் கண்ணில் படாமலிருக்க, டோர் தன் தொடர்பை ஒரு சாதாரண பிரவுசர் பாதுகாப்பான இணையதளத்தோடு பேசுவதுபோலத் தொடங்கும். 2008இல் வந்த அதன் இரண்டாம் இணைப்பு நெறிமுறை, முதலில், இணைய வருபவர் சான்றிதழ் எதையும் காட்டாத சாதாரண டிஎல்எஸ் தொடர்பை ஏற்படுத்தும். மறையாக்கம் தொடங்கிய பிறகு, அந்த மறைவுக்குள்ளேயே மறுபேச்சு நடத்தி ரிலேக்கள் தம்மை நிரூபித்துக்கொள்ளும். நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் 2009 நவம்பரில் அந்த மறுபேச்சு முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் உடனே 0.9.8எல் என்ற பதிப்பை வெளியிட்டு, மறுபேச்சையே மூடிவிட்டது. வங்கித் தளங்களுக்கு அது சரியான மருந்து. டோருக்கு அதுவே மூச்சுத்திணறல். பொறுப்போடு தன் சர்வரின் பாதுகாப்பு அப்டேட்டை உடனே நிறுவிய தன்னார்வலரின் ரிலே பேச்சிழந்தது. சோம்பலாக விட்டுவைத்தவருடையது ஓடிக்கொண்டிருந்தது.

டோர் டிசம்பரில் ஒரு திருத்தத்தோடு புதிய பதிப்பை வெளியிட்டது. தொல்லை அதோடு ஓயவில்லை. பல லினக்ஸ் வினியோகங்களும் ஆப்பிளும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தத்தை மட்டும் தத்தம் முறையில் உள்ளே ஒட்டின. வெளியே ஒரே பதிப்பு எண், உள்ளே வெவ்வேறு நடத்தை. எண்ணைப் பார்த்து எந்த வழியைக் கையாள்வது என்று டோரின் நிரல் முடிவு செய்ய முடியவில்லை. 2010 தொடக்கத்தில் ஆப்பிளின் பாதுகாப்பு அப்டேட் மேக் கணினிகளில் டோரை மீண்டும் நிறுத்தியது. மறுபேச்சே தேவைப்படாத மூன்றாம் இணைப்பு நெறிமுறை எழுதப்பட்டு, 2012 இறுதியில்தான் நிலையான பதிப்பில் வந்து சேர்ந்தது. புதிய ரிலே பழைய ரிலேயிடம் பேச வேண்டியிருந்ததால், பழைய முறைகளும் அதன் பிறகு வெகுகாலம் நிரலுக்குள் இருந்தன.

இந்த மூன்றாண்டு அனுபவத்திலிருந்து ‘தொடாதே, ஓடட்டும்’ என்ற பாடத்தை ஒருவர் படித்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் ஈரானில் நடந்தது அதற்கு நேர் எதிரான பாடம். 2011 செப்டம்பரில் ஈரான் அரசு, டோர் ரிலேக்கள் காட்டும் சான்றிதழின் ஆயுட்காலத்தைக் கவனித்தது. சாதாரண இணையதளங்களின் சான்றிதழ் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செல்லும். டோருடையது இரண்டே மணி நேரத்தில் காலாவதியாகும். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்து நாடு முழுதும் டோர் தொடர்பை வடிகட்டிவிட்டார்கள். அன்றைக்கே டோர் திட்டம் திருத்தத்தை வெளியிட்டது. அதில் மனதைத் தொடும் ஓர் அம்சம் உண்டு: மாற வேண்டியவை ரிலேக்களும், ரகசிய ரிலேக்களான பிரிட்ஜுகளும் மட்டுமே. ஈரானில் இருக்கும் பயனர் எதையும் புதிதாக இறக்க வேண்டாம். இறக்கவும் அவரால் முடிந்திருக்காது. ஏதோ ஒரு நாட்டில் வாடகை சர்வர் வைத்திருந்த தன்னார்வலர் அன்று மாலை ஒரு கட்டளையை அடித்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தே தெஹ்ரானில் இருந்தவரின் தொடர்பு இருந்தது.

ரிலேயின் ஓட்டம் யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. அணையாமல் ஓடும் ரிலே, தேவைப்படுபவரால் தொட முடியாத ரிலேயாக இருந்தால், அதன் 98 விழுக்காடு வெறும் எண்.

பிரிட்ஜுகளின் கதை இன்னும் கடுமையானது. பொதுப் பட்டியலில் இடம்பெறாத, தணிக்கை உள்ள நாடுகளுக்காக ரகசியமாக வினியோகிக்கப்படும் ரிலேக்கள் அவை. சீனாவின் தடுப்புச் சுவர் 2011 வாக்கில் ஒரு புதிய தந்திரத்தைக் கையாளத் தொடங்கியது. சந்தேகப்படும் சர்வரைத் தானே அழைத்து, அது டோர் மொழி பேசுகிறதா என்று சோதித்துப் பார்க்கும். பேசினால் முகவரியை முடக்கும். தரவைப் பொருளற்ற இரைச்சல்போல மாற்றும் ஆப்ஸ்2, ஆப்ஸ்3 முறைகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் இந்தச் சோதனைக்குப் பதில் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். 2014இல் வந்த ஆப்ஸ்4, ரகசியச் சாவி தெரியாதவரிடம் வாயே திறக்காது. சரி, தன்னார்வலர் என்ன செய்தார்? பழைய பயனர்களுக்காக ஆப்ஸ்3ஐயும், புதியவர்களுக்காக ஆப்ஸ்4ஐயும் ஒரே முகவரியில் திறந்துவைத்தார். நல்ல மனம்தான் காரணம். ஆனால் சுவர் ஆப்ஸ்3 கதவைத் தட்டிப் பார்த்து முகவரியையே முடக்கும்போது, வாய் திறக்காத ஆப்ஸ்4உம் சேர்ந்தே போகும். பழையதைத் தாங்கிப் பிடிப்பது புதியதைக் கொல்லும் இடம் இது. பொது ரிலேயில் டேப்புக்குப் பத்துக்கு ஒன்று என்று இடம் கொடுத்த கருணையை, பிரிட்ஜில் அப்படியே பின்பற்ற முடியாது.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் வெளியானது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 வரிசையில், 2012 மார்ச்சிலிருந்து இருந்துவந்த ஓட்டை. வெளியிலிருந்து கேட்பவருக்கு சர்வரின் நினைவகத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்துவிடும். அந்தத் துண்டில் ரகசியச் சாவி இருக்கலாம். 0.9.8, 1.0.0 ஆகிய பழைய வரிசைகளில் இந்தப் பிழை இல்லை. அதாவது, புதிய டிஎல்எஸ் பதிப்புகளுக்கு ஆதரவு வேண்டும் என்று நூலகத்தைப் புதுப்பித்தவர்களே அகப்பட்டார்கள். பழைய டெபியனில் தங்கிவிட்டவர்கள் தப்பினார்கள். இதையும் ‘தொடாதே’ கட்சியின் சாட்சியாகக் கொள்ளலாம். ஆனால் அதே டெபியனின் வரலாற்றில் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. 2006இலிருந்து 2008 மே வரை அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பு எளிதில் ஊகிக்கக்கூடிய சாவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. டோரின் டைரக்டரி அத்தாரிட்டிகளிலேயே மூன்றின் சாவிகளை அப்போது தூக்கி எறிய வேண்டியிருந்தது. நிதானத்துக்குப் பெயர்போன வினியோகம், ஒன்றரை ஆண்டுக்கு மேல் யாரும் கவனிக்காத பிழை. வயதானது என்பதாலேயே எதுவும் பத்திரமாகிவிடுவதில்லை.

ஹார்ட்பிளீடின்போது ரிலே நடத்துபவர்களிடம் கேட்கப்பட்டது, முன்பு கேட்கப்பட்ட எதையும்விடப் பெரியது. நூலகத்தைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. ரிலேயின் அடையாளச் சாவியையே அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். ஒரு ரிலேயின் நற்பெயர் முழுதும் அந்தச் சாவியோடு கட்டப்பட்டது. அதை அழித்தால் எட்டு நாள் அறிமுகம், கார்டு முத்திரை, 68 நாள் ஏற்றம் எல்லாம் முதலிலிருந்து. ஆண்டுக்கணக்கில் அணையாமல் காத்தவர் புதுமுகமாக வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பலர் செய்தார்கள். செய்யாதவர்களும், நூலகத்தைக்கூட மாற்றாதவர்களும் இருந்தார்கள். ஏப்ரல் 16 அன்று டிங்கில்டைன் தான் நடத்தும் டைரக்டரி அத்தாரிட்டியில், இன்னும் ஓட்டையோடு இருந்த 380 ரிலேக்களின் சாவிகளை நிராகரிக்கத் தொடங்கினார். கார்டு, தரவு வலையை விட்டு வெளியேறும் கடைசி ரிலேயான எக்ஸிட் இரண்டிலும் வலையின் திறனில் சுமார் 12 விழுக்காடு போகும் என்று தெரிந்தே செய்தார். இந்த வலையின் வரலாற்றில் துணிச்சலான முடிவுகளைப் பட்டியலிட்டால் இதற்கு மேலிடம் உண்டு. வேகம் குறைந்த வலை, வேகமாக ஓடிக்கொண்டே காட்டிக்கொடுக்கும் வலையைவிட மேல் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது.

அடுத்த ஆண்டு வந்த 0.2.7 வரிசை அந்தக் காயத்துக்கு ஒரு மருந்தைக் கொண்டுவந்தது. எட்25519 அடிப்படையிலான புதிய அடையாளச் சாவியை சர்வரிலேயே வைக்கத் தேவையில்லை. வீட்டில், இணையத்தோடு இணைக்காத கணினியில் பூட்டிவைத்துவிட்டு, குறுகிய ஆயுள் கொண்ட துணைச்சாவியை மட்டும் ரிலேயில் வைக்கலாம். அடுத்த ஹார்ட்பிளீட் வந்தால் எறிய வேண்டியது துணைச்சாவியைத்தான். நெடுநாள் ஓடிய நற்பெயரையும் புதிய நெறிமுறையையும் எதிரெதிராக நிறுத்தாமல், ஒன்றை மற்றொன்றுக்குக் காவலாக்கிய மாற்றம் இது.

அதே 2014 ஜூலையில் இன்னொரு சோதனை. ஜனவரி இறுதியில் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்களாக ஐந்து மாதம் நல்ல பிள்ளைபோல ஓடிய ஒரு கூட்டம், டோருக்குள் மட்டும் திறக்கும் தளங்களான மறைசேவைகளைத் தேடுபவர்களை அடையாளம் காண முயன்றது தெரிந்தது. நீண்ட நேரம் ஓடுவதற்கு வலை தரும் பரிசை அவர்களும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி, முடிவில்லாமல் நீளும் சர்க்யூட்டுகளைத் தடுக்க முன்பு சேர்க்கப்பட்ட ஒரு சிறப்புத் தரவுப்பொதி. முன்னோக்கி மட்டுமே போக வேண்டிய அதைப் பின்னோக்கி அனுப்பி, அதில் சங்கேதம் எழுதினார்கள். திருத்தம் எளிது, ஆனால் ரிலேக்கள் அப்டேட் செய்தால்தான் பயனர்களுக்குக் காப்பு.

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்டேட் செய்வதில்லை. பயனர் ஒரு பதிப்பில், முதல் ரிலே இன்னொன்றில், எக்ஸிட் மூன்றாவதில். யாருக்கு எது தெரியும் என்று கண்டுபிடிக்க, பல ஆண்டுகள் வரை பதிப்பு எண்ணைப் பார்த்து ஊகிப்பதுதான் வழக்கம். 2009இல் ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணைப் பார்த்து ஏமாந்த அதே பழக்கம். 2016இல் 0.2.9 வரிசையில் நிக் மேத்யூசனும் சகாக்களும் இதை மாற்றினார்கள். டோரைத் துணை நெறிமுறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தார்கள்: இணைப்புக்கு ஒன்று, சர்க்யூட்டுக்கு ஒன்று, மறைசேவைப் பட்டியலுக்கு ஒன்று. ஒரு ரிலே தன் பதிப்பு எதுவானாலும், ‘எனக்கு இவையிவை தெரியும்’ என்று அறிவிக்கும். வலையின் பொதுப் பட்டியலும் எவை பரிந்துரைக்கப்படுபவை, எவை கட்டாயம் என்று இரண்டு வரிசைகளை அறிவிக்கும். பரிந்துரையில் உள்ளது தெரியாவிட்டால் எச்சரிக்கை. கட்டாயத்தில் உள்ளது தெரியாவிட்டால் டோர் தானாக நின்றுவிடும். தன்னார்வலருக்கு இதில் பெரிய நிம்மதி. எந்தப் பழமை பொறுத்துக்கொள்ளப்படும், எது முடியாது என்பது இனி யாருடைய மனநிலையையும் பொறுத்ததல்ல.

அந்த 0.2.9 வரிசைக்கு நீண்டகால ஆதரவு என்ற தகுதியும் தரப்பட்டது, 2020 ஜனவரி வரை. அடிக்கடி மாற்ற விரும்பாதவர்களுக்கான இடம் அது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும், புதிய அம்சங்கள் வராது. ஓட்டத்தையும் மாற்றத்தையும் சமன்செய்ய இதைவிட நேர்மையான வழி இல்லை என்றே தோன்றும். ஆனால் எந்த ஆதரவும் இல்லாத வரிசைகளிலும் ரிலேக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 2019 அக்டோபரில் டோர் திட்டம் அவற்றைக் கணக்கெடுத்துத் தொடர்புகொள்ள முயன்று, பிறகு பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கியது. பிரிட்ஜுகளையும் சேர்த்து சுமார் 800 சர்வர்கள். வலையில் அப்போது இருந்தவை ஆறாயிரத்துச் சொச்சம். நீக்கப்பட்டவற்றில் பலவற்றின் உரிமையாளர்கள் நல்லெண்ணத்தில் தொடங்கி, மின்னஞ்சல் முகவரியைக்கூடக் குறிப்பிடாமல் மறந்துபோனவர்கள். தொடர்பு முகவரி எழுதாத ரிலே, தன் உரிமையாளரிடம் எச்சரிக்கை சொல்ல வழியில்லாத ரிலே. எந்த நெறிமுறை மாற்றத்தைவிடவும் அந்த ஒரு வரி வலைக்கு அவசியம்.

புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 வந்தபோது ஓட்டத்துக்கும் மாற்றத்துக்கும் இடையிலான இழுபறி நேரடியாகத் தெரிந்தது. ரிலே நடத்துபவர் ஆர்வத்தோடு தன் அமைப்புக் கோப்பில் ஐபிவி6 முகவரியையும் சேர்க்கிறார். வாடகை சர்வர் நிறுவனத்தின் ஐபிவி6 வழி அரைகுறையாக இருக்கிறது. ஐபிவி6 வசதியுள்ள டைரக்டரி அத்தாரிட்டிகள் அந்த முகவரியைத் தொட்டுப் பார்க்கின்றன, பதில் இல்லை. அவற்றின் வாக்கில் ரிலே முழுதுமாக ‘இயங்கவில்லை’ என்று பதிவாகிறது, ஐபிவி4 நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும். புதியதைச் சேர்த்ததன் பலன், இருந்ததும் போனது. 2021இல் நிலைபெற்ற 0.4.5 வரிசையில் ரிலேயே தன் ஐபிவி6 முகவரியைக் கண்டறிந்து, வெளியிலிருந்து எட்ட முடிகிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும் வசதி வந்தது. அதற்கு முன் பல தன்னார்வலர்கள் எடுத்த முடிவு ஐபிவி6 வரியை நீக்கிவிடுவது. அன்றைய நிலையில் அது சரியான முடிவுதான்.

மறைசேவைகளின் இரண்டாம் பதிப்பு விடைபெற்ற விதம் நிதானமானது. 16 எழுத்து முகவரிகள் கொண்ட அந்த முறை 2004ஆம் ஆண்டுக்குரியது. 56 எழுத்து முகவரிகள் கொண்ட மூன்றாம் பதிப்பு 2018 தொடக்கத்தில் நிலையான டோரில் வந்தது. 2020 ஜூலையில் கால அட்டவணை அறிவிக்கப்பட்டது: அந்த ஆண்டு செப்டம்பரில் எச்சரிக்கை, 2021 ஜூலையில் புதிய வரிசையில் நீக்கம், அக்டோபரில் எல்லா வரிசைகளிலும் நீக்கம். அதற்குப் பிறகும் பழைய முகவரிகள் சிலருக்குக் கொஞ்ச காலம் திறந்தன. ஏனென்றால் அப்டேட் செய்யாத ரிலேக்கள் இன்னும் அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தன்னார்வலரும் அப்டேட் செய்யும்போது அந்தப் பழைய உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

2022 ஏப்ரல் இறுதியில் வந்த 0.4.7 வரிசையோ தன்னார்வலரின் பையையே தொட்டது. டோரில் ஒரு சர்க்யூட்டில் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருக்கக்கூடிய தரவுப்பொதிகள் ஆயிரம் என்று தொடக்கத்திலிருந்தே கட்டிவைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் சுமார் 512 பைட். ஆக அரை மெகாபைட். பாதையில் எவ்வளவு இடம் இருந்தாலும் அதற்கு மேல் போகாது. புதிய நெரிசல் கட்டுப்பாடு அந்தக் கட்டை அவிழ்த்து, தாமதத்தை அளந்து அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைக்கக் கற்றது. சர்க்யூட்டின் இரு முனைகள் மட்டும் ஒத்துக்கொண்டால் போதும் என்பதால், முதலில் அப்டேட் செய்ய வேண்டியவர்கள் எக்ஸிட் நடத்துபவர்கள். அவர்களிடம் டோர் திட்டம் முன்கூட்டியே சொல்லிவிட்டது: உங்கள் ரிலே வழியே போகும் தரவு கூடலாம், அளவுக்குக் கட்டணம் செலுத்துபவர்கள் வரம்பை இப்போதே அமையுங்கள். இலவசமாக உழைப்பவரிடம் இன்னும் அதிகம் கேட்கும்போது அவருடைய பில்லையும் நினைவில் வைத்துப் பேசிய அந்த மரியாதை, இந்த வலை இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம்.

இன்று ரிலே நடத்துபவர்களுக்கான டோர் திட்டத்தின் வழிகாட்டி, தானியங்கி அப்டேட்டை இயக்கிவிடச் சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ரிலே வைத்திருப்பவர், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றை முதலில் புதிய பதிப்புக்கு மாற்றி, சில நாள் பதிவேட்டைப் பார்த்து, பிறகு மற்றவற்றைத் தொடலாம். வசதி உள்ளவர் ஒரு ரிலேயில் பரிசோதனைப் பதிப்பையே ஓட்டலாம். 2013இல் என்டோர் தயாராக இருந்ததற்கு அப்படி ஓட்டிப் பார்த்தவர்களும் காரணம். இதற்கிடையே டோர் முழுதும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்டுவருகிறது. ஆர்ட்டி என்ற அந்த நிரலின் 1.0 பதிப்பு 2022 செப்டம்பரில் வந்தது. பயனர் பக்கத்துக்கு மட்டும். ரிலே பக்கம் அதற்குப் பிந்திய வேலை. அது ஓடத் தொடங்கும்போது, சி மொழியில் எழுதிய பழைய ரிலேயும் ரஸ்டில் எழுதிய புதிய ரிலேயும் ஒரே சர்க்யூட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றுக்கு என்ன தெரியும் என்று மற்றொன்றுக்குச் சொல்ல, 2016இல் கொடுத்த அந்தத் துணை நெறிமுறை எண்களே போதும்.